கடல் கடந்து ஒரு பிள்ளைகள் இல்லம்: சபையார் தெரிந்துகொண்டு இறங்க வேண்டியவை

எங்கள் திருச்சபையின் அறுப்பின் பண்டிகை (அறுவடை நன்றி விழா) ஏலத்தில் ஒரு பலாப்பழம் 340 பவுண்டுக்குப் போனது. எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "திரும்பவும் ஏலம் விடுங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டார். இரண்டாம் சுற்றில் இன்னொரு 210. ஹால் முழுக்கக் கைதட்டல். சுவரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய பெரிய தெர்மாமீட்டர் படத்தில் யாரோ ஓடிப்போய் சிவப்பு மையை இரண்டு விரற்கடை ஏற்றினார்கள். உச்சியில் எழுதியிருந்தது: "ஊரில் நம் பிள்ளைகள் இல்லம்".

அன்று சாயங்காலம் கமிட்டியில், அதுவரை வாயே திறக்காத ஒரு அக்கா கேட்டார்: "அண்ணாச்சி, கட்டி முடிச்ச பெறகு அந்தப் பிள்ளையளுக்கு யார் சோறு போடுவா?" பொருளாளர் நான். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அலைந்த ஐந்து வருஷத்தில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எங்கள் சபை லண்டனில் இருக்கிறது. சபையாரில் பாதிப் பேருக்கு நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வேர். அதனால் இந்தியச் சட்டமும் பிரிட்டன் நடைமுறையும்தான் எனக்கு அத்துப்படி. வேறு நாட்டுக்குப் போகிற சபைக்குச் சட்டத்தின் பெயர்கள் மாறும், கேட்க வேண்டிய கேள்விகள் அவ்வளவாக மாறாது.

படி 1: கட்டத்தான் வேண்டுமா?

நாங்கள் முதலில் பார்க்கப்போன இல்லத்தின் பெயர் வேண்டாம். வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்று மாலை போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். எனக்கு மாலை போட்டவளுக்கு ஆறு வயதிருக்கும். கவுனின் முதுகுப் பக்கம் பட்டன் இல்லாமல் ஊக்கு குத்தியிருந்தது. "இவளுக்கு யாருமே கிடையாது" என்றார் நிர்வாகி, அவள் காதுபடவே.

மத்தியானம் சாப்பாடு. பரிமாறிக்கொண்டிருந்த அம்மாளின் முந்தானையை இடது கையில் சுருட்டிப் பிடித்தபடி அதே பிள்ளை அடுக்களை வாசலில் நின்றாள். "உங்க மகளாம்மா?" என்று கேட்டேன். "ஆமாய்யா" என்று சாம்பார் வாளியை மாற்றிப் பிடித்துக்கொண்டே சொன்னார். புருஷன் இல்லை. வீட்டு வாடகைக்கு வழியில்லை. மகளை இங்கே சேர்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று இங்கேயே சமையலுக்கு வந்துவிட்டார். எங்கள் சபையில் ஒரு குடும்பம் இரண்டு வருஷமாக மாதம் 25 பவுண்டு அனுப்பிக்கொண்டிருந்தது அந்தப் "யாருமற்ற" பிள்ளைக்குத்தான். தாய்க்கு அது தெரியாது.

இது எங்கோ ஓர் இடத்தில் நடந்த ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. உலகம் முழுக்க இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ, அல்லது இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, படிப்பு, குடி, மறுமணம் என்று காரணங்கள் வேறு. நல்ல மனதோடு அவசரப்பட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2010 ஜனவரி ஹெய்டி பூகம்பத்தை அடுத்து நடந்தது ஒரு பாடம். அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளை "அநாதைகள்" என்று பேருந்தில் ஏற்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோகையில் எல்லையில் பிடிபட்டார்கள். அங்கே ஓர் இல்லம் அமைப்பதுதான் அவர்கள் திட்டம். அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தது பிறகுதான் வெளியே வந்தது.

2009 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கின்றன. வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குடும்பச் சூழலில்தான் வளர்க்க வேண்டும். ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் முன்னே போனார்கள். எவ்வளவு சின்ன வயதில் போனார்களோ அவ்வளவு நல்லது.

ஆப்பிரிக்கா பக்கம் பார்க்கும் சபைகள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். ருவாண்டா 2012 முதல் இல்லங்களை மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்பி வருகிறது. கென்யா 2022இல் அதே திசையில் ஒரு பத்தாண்டுத் திட்டம் வகுத்தது. நீங்கள் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வாங்கும் நேரத்தில், அந்த நாட்டு அரசு மூடும் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் யாருக்குமே இல்லம் வேண்டாமா? வேண்டும். வீட்டிலேயே ஆபத்து உள்ள பிள்ளைகள், தேடியும் சொந்தம் கிடைக்காதவர்கள், வளர்ப்புக் குடும்பம் அமையும்வரை தங்க இடம் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதல் ஆறு மாதம் செங்கல்லைப் பற்றிப் பேசாமல், அந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போய், "இங்கே எந்த வயதுப் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை?" என்று கேளுங்கள். "இடம் இருக்கிறது, வீட்டிலேயே வைத்துப் பார்க்கத்தான் உதவி இல்லை" என்று பதில் வந்தால், அதைக் கேட்டுக்கொள்ளும் துணிவு கமிட்டிக்கு வேண்டும். இந்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தாயோடு இருக்கும் ஏழைப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக்கூடாது. விண்ணப்பம் எழுதத் தெரியாமல் நிற்கும் நூறு தாய்மாருக்கு ஒரு சமூகப் பணியாளரை அமர்த்துவது, கட்டடத்தைவிடப் பெரிய காரியமாக இருக்கலாம். தெர்மாமீட்டரில் வரைய அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

படி 2: அங்கே யாரோடு கைகோப்பது

"நம்ம ஊர்க்காரர், நல்ல ஜெப மனுஷன்" என்பது தகுதிச் சான்று அல்ல. எங்களுக்கு வந்த நாலு விண்ணப்பங்களில் மூன்று இந்த ஒரே வரியோடுதான் வந்தன.

இந்தியாவில் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இடமும், அரசு பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 41ஆம் பிரிவின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஐந்து வருஷத்துக்கு. பதிவில்லாமல் நடத்தினால் 42ஆம் பிரிவின்படி ஒரு வருஷம்வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவதாக எழுந்த புகார்தான் 2007இல் உச்ச நீதிமன்ற வழக்காகி, 2017 மே மாதத் தீர்ப்பில் நாடு முழுதும் எல்லா இல்லங்களும் அந்த வருஷ முடிவுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவாக முடிந்தது. நம் மாநிலத்தின் பெயர் அந்த வழக்கின் தலைப்பிலேயே இருக்கிறது என்பதை நான் கமிட்டியில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிள்ளையைச் சேர்ப்பது யார் என்று கேளுங்கள். "போதகரையா கிராமத்துக்குப் போவார், கஷ்டப்படுகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்" என்று பெருமையாகப் பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். கண்டெடுத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். இல்லத்துக்கு அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வது ஒரு தலைவரும் நாலு உறுப்பினரும் கொண்ட அந்தக் குழுதான். ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும் குழுவின் ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பையே காட்டச் சொல்ல வேண்டாம், அது பிள்ளையின் அந்தரங்கம். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆணைகள் என்ற எண்ணிக்கை பொருந்தினால் போதும்.

அப்புறம் மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கு, அறங்காவலர் பட்டியல். பட்டியலில் கணவன், மனைவி, மச்சினன், மகன் என்று ஒரே குடும்பம் உட்கார்ந்திருந்தால் அது டிரஸ்ட் அல்ல, வீடு.

மதத்தையும் முதல் நாளே பேசிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் சிக்கல். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் உறுப்பு, குடும்பத்துக்கு வெளியே வளரும் பிள்ளையின் மதம், மொழி, பண்பாடு தொடர்வதற்கு உரிய மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. இசக்கியம்மனைக் கும்பிடும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை, திரும்பிப் போகையில் தன் ஆச்சிக்கு அந்நியமாகிவிடக்கூடாது. ஜெபம் கட்டாயமில்லை, ஞானஸ்நானம் இல்லத்தின் வேலை இல்லை என்று எங்கள் ஒப்பந்தத்தில் எழுதினோம். அதற்காக இரண்டு குடும்பங்கள் காணிக்கையை நிறுத்திக்கொண்டன.

படி 3: பணம் போகிற பாதை

இங்கேதான் நல்ல சபைகள் தெரியாமல் குற்றம் செய்கின்றன. வெளிநாட்டுப் பணம் வாங்கும் இந்திய அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன் கீழ்ப் பதிவு வேண்டும். குறைந்தது மூன்று வருஷம் இயங்கி, அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாயாவது தன் முக்கியப் பணிகளுக்குச் செலவழித்த அமைப்புக்கே பதிவு கிடைக்கும். புதிய அமைப்பாக இருந்தால் குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று முன் அனுமதி கேட்கலாம். அதற்கு நன்கொடையாளரான உங்கள் சபையின் உறுதிக் கடிதம் வேண்டும்.

2020 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாற்றங்கள். எல்லா வெளிநாட்டுப் பணமும் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் இறங்க வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டாவதில் பலர் மாட்டுகிறார்கள்: "பெரிய அமைப்புக்கு அனுப்புங்கள், அவர்கள் எங்களுக்குத் தருவார்கள்" என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது தவறாமல் வரும் யோசனை இது: "எதுக்கு இவ்வளவு சுத்து? என் தம்பி அக்கவுண்டுல போட்டா அவன் குடுத்துருவான்." செய்யாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக நேரடியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கியவர் கொடுத்தால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எல்லாருடைய காசும் சபைக் கணக்கில் சேர்ந்துவிட்டால் அதில் யார் எந்தப் பாஸ்போர்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. தம்பி கணக்கு வழியாகப் போனால் மாட்டுவது தம்பியும் இல்லமும். லண்டனில் இருக்கிற நமக்கு ஒன்றும் ஆகாது. அதனாலேயே அது மோசமான யோசனை.

பதிவின் காலாவதித் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி 1 அன்று ஏறக்குறைய 6,000 அமைப்புகளின் பதிவு ஒரே நாளில் காலாவதியானது. பாதிச் சுவர் எழும்பி நிற்கையில் அப்படி ஆனால் பணம் நின்றுபோகும். பதிவே ரத்தானால், வெளிநாட்டுப் பணத்தில் உண்டான சொத்து அரசு நியமிக்கும் அதிகாரியின் பொறுப்புக்குப் போகும். எனவே புதுப்பிப்புக்கு ஒரு வருஷத்துக்குள் இருக்கிற அமைப்போடு கட்டட ஒப்பந்தம் போடாதீர்கள்.

நம் பக்கத்துச் சட்டங்களும் உண்டு. பிரிட்டனில் வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்டு படிவம் கொடுத்தால் 100 பவுண்டுக்கு 25 பவுண்டு வரித்துறையிடமிருந்து வரும். பலாப்பழத்துக்குக் கொடுத்த 340க்கும் அப்படியே கேட்டுவிட முடியாது, பழத்துக்கு என்று ஒரு மதிப்பைக் கழிக்க வேண்டும். ஏலம் எடுக்கும் முன்பே கடை விலையைச் சொல்லிவிடுவது நல்லது. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தர்மத்துக்குப் பொதுமக்களிடம் வசூலிக்க அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுவசூலில் 80 சதவீதம் சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டில் பணம் செலவிடும் அறநிறுவனங்களுக்குத் தனி ஒழுங்கு விதிகள் இருக்கின்றன.

படி 4: அந்த அக்காவின் கேள்வி

50 பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்லும் மொத்தப் பரப்பு 8,495 சதுர அடி. சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1 கோடியே 87 லட்சம். பவுண்டுக்கு 110 ரூபாய் கணக்கில் 1,70,000 பவுண்டு. 150 குடும்பம் உள்ள சபைக்கு மூன்று, நாலு வருஷத்தில் எட்டக்கூடிய தொகைதான்.

இப்போது அடுத்த பக்கம். சாப்பாடு, பள்ளி, துணி, மருந்து எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு மாதம் 6,000 என்றால் 50 பேருக்கு 3 லட்சம். சம்பளம் மூன்றே கால் லட்சம். மின்சாரம், தண்ணீர், வண்டி, ரிப்பேர் 50,000. மாதம் 6,75,000, வருஷம் 81 லட்சம். இவை நான் போட்ட உத்தேசம். உங்கள் ஊர் விலைவாசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி மாற்றினாலும் விஷயம் மாறாது: இரண்டு வருஷம் நாலு மாதத்தில், நடத்துகிற செலவு கட்டடச் செலவை எட்டிப்பிடித்துவிடும். பிள்ளைகள் அங்கே பத்து வருஷம் இருப்பார்கள்.

அந்த விதிகள் 50 பிள்ளைகளுக்கு நாலு வீட்டுத்தாய்மார், இரண்டு மனநல ஆலோசகர், மூன்று நலப் பணியாளர், ஒரு செவிலியர், இரண்டு சமையலர், கணக்கர் என்று நீளமாகவே கேட்கின்றன. பெண் பிள்ளைகள் இல்லமானால் பொறுப்பாளர் முதல் ஊழியர்வரை எல்லாரும் பெண்கள். ஆனால் சபையார் கைக்குச் செங்கல் பிடிக்கிறது, சம்பளம் பிடிக்கவில்லை. "ஒரு ஜன்னல் 80 பவுண்டு" என்று துண்டுச்சீட்டு போட்டால் இரண்டு ஞாயிற்றில் தீர்ந்துவிடும். "ஒரு வீட்டுத்தாயின் ஒரு மாதச் சம்பளம்" என்று போட்டால் மேசையிலேயே கிடக்கும்.

களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூரில் 1901இல் பிள்ளைகளை வளர்க்கத் தொடங்கிய ஏமி கார்மைக்கேலின் இல்லத்தில், பிள்ளைகள் வளர்ப்பவர்களை அக்கா, சித்தி, அண்ணாச்சி என்று உறவு சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வடக்கு அயர்லாந்திலிருந்து வந்த அவர் விடுமுறைக்குக்கூடத் தாய்நாடு போகாமல் 1951இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். எட்டு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாறும் இல்லத்தில் பிள்ளை யாரைச் சித்தி என்று கூப்பிடும்? குறைந்த சம்பளம்தான் ஆள் மாறுவதற்கு முதல் காரணம்.

நாங்கள் செய்தது இது. கட்டடத்துக்கு ஒரு பவுண்டு வந்தால், பராமரிப்பு நிதிக்கு ஒரு பவுண்டு வந்த பிறகே அதைச் செலவழிக்கலாம் என்று சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு தெர்மாமீட்டர். வேகம் பாதியாகக் குறைந்தது, முணுமுணுப்பும் இருந்தது. 50 பிள்ளைகள் திட்டம் 16 பிள்ளைகள், இரண்டு சிறு வீடுகள் என்று சுருங்கியது அதனால்தான். அது நல்லதுக்கே என்று பிறகு புரிந்தது. 1949இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் ஊரில் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்களும் பெரிய கூடம் கட்டாமல் ஒரு தாய்க்கு ஒரு வீடு என்றுதான் போயின.

சம்பளத்தை எஃப்.சி.ஆர்.ஏ.யின் 20 சதவீத வரம்பு தடுக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். மருத்துவர், ஆசிரியர் போல நோக்கத்துக்கு நேரடியாக வேலை செய்கிறவர்களின் சம்பளத்தை விதிகள் நிர்வாகச் செலவில் சேர்ப்பதில்லை. வீட்டுத்தாயை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று இல்லத்தை நடத்தும் அமைப்பின் ஆடிட்டரிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வேண்டுகோள் தாளில் ஒரு வரி மறக்காதீர்கள்: "திட்டம் நிறைவேறாவிட்டாலோ பணம் மிஞ்சினாலோ, பிள்ளைகளின் நலனுக்கான வேறு பணிக்குச் சபை பயன்படுத்தும்." இந்த வரி இல்லாவிட்டால், திட்டம் நின்றுபோகும் நாளில் கொடையாளர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கலாம்.

படி 5: நிலமும் வரைபடமும்

பத்திரம் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். போதகர் பெயரிலோ, "இப்போதைக்கு என் பேர்ல வாங்கிப்போட்டுப் பெறகு மாத்திருவோம்" என்கிறவர் பெயரிலோ கூடாது. மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்று மூன்றையும் அந்த அமைப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

வாங்கும் முன் தண்ணீர். சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடிப் பக்கம் சில இடங்களில் நூறு அடி தள்ளினால் நல்ல தண்ணீர் உப்பாகிவிடும். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வாயில் ஊற்றியும் பாருங்கள். பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பஸ் நிறுத்தமும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். ஊரைவிட்டுத் தள்ளி, சுற்றுச்சுவருக்குள், மலையடிவாரத்தில் அழகான இடம் என்று படம் அனுப்பினார்கள். ஊர்க்கண் படாத இடத்தில் பிள்ளைகளை வைப்பது அழகு அல்ல, ஆபத்து.

வரைபடத்தில் படுக்கை அறைக்கு ஒரு பிள்ளைக்கு 40 சதுர அடி, 50 பேருக்கு ஐந்து குளியலறை, எட்டுக் கழிப்பறை என்றெல்லாம் மாதிரி விதிகள் கணக்குச் சொல்கின்றன. மாநில விதிகளை மாவட்ட அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விதியில் இல்லாதவற்றைச் சொல்கிறேன். குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளே போடக்கூடியதாக இருக்க வேண்டும், ஆனால் ஆபத்து நேரத்தில் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பித் திறக்க முடிய வேண்டும். சுவிட்ச் ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரம். இரவில் கழிப்பறைக்கு முற்றத்தைத் தாண்டிப் போகும்படி இருந்தால் பிள்ளை போகாது, படுக்கை நனையும், அதற்கு அடி விழும். ஆலோசனை அறைக் கதவில் கண்ணாடி. பொறுப்பாளரின் தனி அறைக்குள் பிள்ளை தனியாகப் போகத் தேவையே இல்லாத அமைப்பு.

அப்புறம் துணி. எங்கள் எஞ்சினியர் போட்ட அருமையான வரைபடத்தில் துணி காயப்போட இடமே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் 16 பிள்ளைகளின் சீருடை, போர்வை, உள்ளாடை எங்கே உலரும்? ஈர உள்ளாடையோடு பள்ளிக்குப் போகிற பெண் பிள்ளைக்குச் சொறி வரும். பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு நீளத் திண்ணை சேர்த்தோம், கொடி கட்ட இரும்பு வளையங்களோடு. அதைக் கேட்டது வீட்டுத்தாயாக வரப்போகிற ஒரு பெண்தான். கையெழுத்துப் போடும் முன் வரைபடத்தை அவரிடம் காட்டுங்கள்.

ஊராட்சி அல்லது நகரமைப்பு அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தாசில்தாரின் கட்டட உரிமம் ஆகிய எல்லாம் அங்குள்ள அமைப்பு வாங்க வேண்டியவை. நகல் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

படி 6: தவணை

முழுப் பணத்தையும் ஒரே முறையில் அனுப்பாதீர்கள். அஸ்திவாரம், லிண்டல், கூரைக் கான்கிரீட், பூச்சும் மின்வேலையும், முடிவு என்று ஐந்து தவணை. ஒவ்வொன்றுக்கும் முந்தையதின் பில்கள், தேதியிட்ட படங்கள், தனிப் பொறியாளரின் ஒரு பக்க அறிக்கை. கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடிந்து ஒழுகல் இல்லை என்று தெரிந்த பிறகு கொடுங்கள். எங்கள் கூரை ஒழுகியது. பத்து சதவீதம் கையில் இருந்ததால் ஒப்பந்தக்காரர் தார்ப்பாயோடு ஓடி வந்தார்.

படி 7: "நாங்களும் போய்ப் பார்த்துட்டு வரோமே"

வாலிபர் கூட்டத்திலிருந்து இது கட்டாயம் வரும். முதலில் விசா. சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்ய முடியாது. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களுக்கும் மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி வேண்டும் என்று 2021 மார்ச் அறிவிக்கை சொல்கிறது.

அதைவிட முக்கியம் பிள்ளைகள். இரண்டு வாரம் தூக்கிக் கொஞ்சிவிட்டு, அழுதுகொண்டே விமானம் ஏறுகிறோம். அடுத்த மாதம் இன்னொரு குழு. ஏற்கெனவே ஒரு முறை விடப்பட்ட பிள்ளையை நாம் திரும்பத் திரும்ப விட்டுவிட்டு வருகிறோம். எங்கள் விதி: போகிறவர்கள் பெயின்ட் அடிக்கலாம், கணக்கு பார்க்கலாம், ஊழியருக்குப் பயிற்சி கொடுக்கலாம். பிள்ளைகளோடு தனியே இருக்கக்கூடாது. மாலை மரியாதை கிடையாது. சாப்பாட்டு வரிசையில் நமக்குக் கடைசி இடம். எல்லாருக்கும் இங்கேயே பின்னணிச் சோதனை.

படம் எடுக்காதீர்கள். முகநூலில் போட அல்ல, சபைச் செய்திமடலுக்குக்கூட வேண்டாம். பிள்ளையின் பெயர், முகம், பள்ளி எதையும் ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம். படம் இல்லாமல் எப்படிக் காணிக்கை கேட்பது என்றார்கள். துணி காயும் திண்ணையைப் படம் எடுத்துக் காட்டினோம், கொடியில் பதினாறு சட்டைகள். அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

ஏதாவது தப்பாகத் தெரிந்தால், நிர்வாகியிடம் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். சபையின் பெயர் கெடும் என்ற யோசனை அப்போது வரும். அதனால் யார், எப்போது, எங்கே புகார் செய்வது என்று போகும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள்.

படி 8: திறந்த பிறகு

மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை வாங்குங்கள். பிள்ளைகள் எத்தனை பேர் என்பதோடு, இந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள், வீட்டுத்தாய்மாரில் யாராவது வேலையை விட்டார்களா, 18 வயது முடிகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். கட்டில் காலியாக இருப்பது தோல்வி என்று சபையார் நினைப்பார்கள். பிரிஸ்டல் நகரின் ஆஷ்லி டவுனில் ஜார்ஜ் முல்லர் 1849இல் 300 பிள்ளைகளுக்குத் திறந்த பெரிய இல்லமும், அதையடுத்து எழுந்தவையும், காலம் மாறியபோது 1958இல் பிள்ளைகளைச் சிறு வீடுகளுக்கு அனுப்பிவிட்டு மூடப்பட்டன என்பதை நான் அவ்வப்போது நினைவூட்டுவேன்.

எங்கள் இல்லம் நடந்து இப்போது மூன்றாம் வருஷம். பதினாறு கட்டில், பதினொரு பிள்ளைகள். அந்த ஊக்குக் குத்திய பிள்ளை எங்களிடம் வரவில்லை. அவள் தாய்க்கு நிதி ஆதரவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார் எங்கள் சமூகப் பணியாளர். இரண்டு பேரும் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

கல்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்த ஐந்து வருஷத்தில் மிக நீண்ட கமிட்டிக் கூட்டம் அதற்காகத்தான் நடந்தது, நாலு மணி நேரம். யார் பெயர் முதலில், பட்டங்கள் போடுவதா வேண்டாமா, ஐயரம்மா (போதகரின் மனைவி) பெயர் எந்த வரியில். கடைசியில் கருங்கல்லில் 22 பெயரோடு "அநாதைக் குழந்தைகள் இல்லம்" என்று கொட்டை எழுத்தில் வெட்டி லாரியில் இறக்கியாயிற்று. தினமும் பள்ளிக்குப் போகையில் பிள்ளைகள் அதைத்தானே வாசித்துக்கொண்டு போகும் என்று கேட்டது அதே அக்கா. கல்லை நடவில்லை. நல்ல கல், வீணாக்க மனசில்லை. இப்போது அது பின்பக்கத் திண்ணை ஓரம், எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து, துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது.